புது ரவுட்டர் வாங்க முதல்

300 எம்பிபிஎஸ் ஃபைபர் போட்டும் பாதிதான் வருது, ரவுட்டரை மாத்தப் போறன் என்று வெள்ளவத்தையில் இருக்கிற அத்தான் நிற்கிறார். பம்பலப்பிட்டியில் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற யுனிட்டி பிளாசாவுக்குப் போக முதல், ரவுட்டரின் ப்ராசசர் எதில் மினக்கெடுது என்று காட்டுகிற டாப் (top) கட்டளையை ஒருக்காப் போட்டுப் பாருங்கோ அத்தான் என்றேன்.

அவரின் ரவுட்டரில் இருப்பது எம்டி7621 சிப், 880 மெகாஹேர்ட்ஸ், ரவுட்டருக்கான இலவச மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டி (OpenWrt) போட்டது. ஸ்பீட் டெஸ்ட் ஓடும்போது பார்த்தால் மற்றதெல்லாம் சும்மா கிடக்க, எஸ்ஐஆர்க்யூ (sirq) என்ற எண் மட்டும் 90 வீதத்துக்கு மேல். மென்பொருளின் மையமான கேர்னல், தரவு துண்டுதுண்டாக வருகிற பாக்கெட்டுகளோடு மல்லுக்கட்டுகிறது என்று அர்த்தம்.

வீட்டுக் கருவிகளின் உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றுகிறதுதான் நாட் (NAT). அதன் விதிகளைப் பார்த்து முடிவெடுப்பது ஒரு இணைப்பின் முதல் பாக்கெட்டுக்கு மட்டும்தான். ஆனால் பின்னால் வருகிற ஒவ்வொன்றையும் நடக்கிற இணைப்புகளைக் குறித்துவைக்கிற கான்ட்ராக் அட்டவணையில் தேடி, முகவரியையும் போர்ட் எண்ணையும் மாற்றி, பிழை பார்க்கிற செக்சம் எண்ணைத் திருத்தி, ஃபயர்வாலின் எல்லாப் படியும் ஏற்றி இறக்கித்தான் அனுப்பவேண்டும். 1500 பைட் பாக்கெட் என்று வைத்தால், 300 எம்பிபிஎஸ்ஸுக்கு விநாடிக்கு 25,000. புது முகவரி முறையான ஐபிவி6இல் வழக்கமாக நாட் இல்லாததால் தப்பலாம் என்பார்கள். ஆனால் ஃபயர்வாலுக்காக கான்ட்ராக் அங்கேயும் ஓடும்.

இதற்கு ஃப்ளோ ஆஃப்லோடிங் என்ற குறுக்குவழி இருக்கு, 2018இல் வந்த ஓப்பன்டபிள்யூஆர்டி 18.06 பதிப்பிலிருந்தே. ஃபயர்வால் செட்டிங்ஸில் ஒரு டிக். இணைப்பு நிலைத்த பிறகு அதன் பாக்கெட்டுகள் அந்தப் படிகளைத் தொடாமல் குறுக்கால் போய்விடும். ஹார்ட்வேர் ஆஃப்லோடிங்கையும் போட்டால் சிப்புக்குள் இருக்கிற தனிப் பகுதியே முகவரியை மாற்றும். ப்ராசசருக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை. இந்தச் சிப்பில் அது வயர் போக்குவரத்துக்குத்தான். வைஃபை பழையபடி ப்ராசசர் தலையில்.

இனித்தான் வீட்டுச் சண்டை. அக்கா பின்னேரத்தில் சூமில் சாதாரணதரக் கணிதம் எடுக்கிறவ. மகன் கேம் அப்லோட் செய்தாலும் அவவின் குரல் வெட்டுப்படாமல் இருப்பது, ஒருவரே லைனை அடைக்காமல் பார்க்கிற எஸ்க்யூஎம் (SQM) என்ற வசதி பாக்கெட் வரிசையை ஒழுங்குபடுத்துவதால். ஆஃப்லோட் ஆன பாக்கெட் அந்த வரிசைக்கு ஒழுங்காக வராது, ஹார்ட்வேர் வழியில் என்றால் வரவே வராது. எஸ்க்யூஎம்மோடு 300ஐ இழுக்க இந்தச் சிப்பாலும் ஏலாது.

எனக்கென்றால் எஸ்க்யூஎம்தான், 300 வேணுமென்று அந்த வீட்டில் அழுகிறவர் ஸ்பீட் டெஸ்ட் பார்க்கிற அத்தான் ஒருவர்தான். இரண்டும் வேணுமென்றால் மட்டும் பம்பலப்பிட்டிக்குப் போகட்டும்; அப்போதும் அன்டெனாவை எண்ணாமல், உள்ளே என்ன சிப் என்று கேட்டு வாங்கட்டும்.