துப்பாக்கிக்கு முன்னால் காதுக்கு வாங்குங்கள்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் தென்னையோ கடலையோ போட்டிருப்பவர்களுக்குக் காட்டுப்பன்னியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2022 மே மாதம் கேரள அரசு, பயிரை அழிக்கும் பன்னியைச் சுட உத்தரவு போடும் அதிகாரத்தைப் பஞ்சாயத்து பிரசிடெண்டுகளுக்குக் கொடுத்தது. விஷம், வெடி, கரண்ட் கம்பி எதுவும் கூடாது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பஞ்சாயத்தின் பேனலில், அதாவது சுடுபவர்கள் பட்டியலில், சேர்ந்து, உத்தரவு வந்தால் போய்ச் சுடலாம். என்னிடம் ஒரு பன்னிரண்டு போர் துப்பாக்கியும், பெரியப்பா காலத்துக்குப் பிறகு என் பேருக்கு மாறிய .315 ரைஃபிளும் இருக்கின்றன. நானும் பேனலில் இருக்கிறேன்.

நாங்கள் கூடினால் தோட்டா விலை, டார்ச், லைசென்ஸ் புதுப்பிப்பு என்று பேச்சு ஓடும். காதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இப்போதுதான் இரண்டு மூன்று பேர், "எந்த இயர் மஃப் வாங்கலாம்ணா?" என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். காதுமேல் கிண்ணம் மாதிரி மூடுவது மஃப், காதுக்குள் செருகுவது பிளக். போனில் சொன்னால் பாதிதான் நிற்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

பெரியப்பாவுக்கு இடது காது போனது வயதால் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். ஆனால் வலது காதில் போனை வைத்தால் ஓரளவு நன்றாகவே பேசுவார். வலது தோளில் ரைஃபிளை வைப்பவர்களுக்கு இடது காதுதான் முன்னால் நிற்கிறது. வலது காது பட்டோடு (தோளில் அணைக்கும் கட்டைப் பகுதி) ஒட்டி, தலையின் மறைவில் இருக்கிறது. பேரல் முனையிலிருந்து வரும் அடி நேராக இடது காதில் விழுகிறது. உலகம் முழுக்க ரைஃபிள் எடுப்பவர்களின் காதைச் சோதித்தால் இதே கணக்குதான் வருகிறது. சத்தத்தால் கெடும் காதில் முதலில் போவது நாலாயிரம் ஹெர்ட்ஸ் சுற்றியுள்ள மேல் ஸ்வரங்கள். அதனால் "கேட்கவே இல்லை" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "நீங்க எல்லாம் முணுமுணுக்கறீங்க" என்றுதான் சொல்வார். ச, ஸ, ஷ எல்லாம் கரைந்துவிடும். பெண்களும் குழந்தைகளும் பேசினால் பிடிபடாது. பேத்தி சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி, கடைசியில் அவள் அவரிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

உள்காதில் சத்தத்தை வாங்கும் முடிச் செல்கள் இருக்கின்றன. நாற்றங்காலில் மாடு ஒருமுறை நடந்தால் பயிர் சாய்ந்து மறுநாள் நிமிரும், மிதித்துக்கொண்டே இருந்தால் நிமிராது. அந்தச் செல்களும் அப்படித்தான். ஆனால் நாற்றை மறுபடி விடலாம், மனிதக் காதில் இந்தச் செல் திரும்ப முளைப்பதில்லை. சுட்ட பிறகு காதில் 'கொய்ங்' என்று கேட்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அது அடிபட்டதன் அடையாளம். மறுநாளும் அது அடங்கவில்லை, காது அடைத்த மாதிரியே இருக்கிறது என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அன்றைக்கே போங்கள். இதற்கான சிகிச்சைக்கு ஆரம்ப நாட்கள்தான் முக்கியம்.

சரி, எவ்வளவு சத்தம்? ஒரே அடியாக வரும் சத்தத்துக்கு 140 டெசிபல் உச்சம்தான் பெரியவர்களுக்கு எல்லை என்று வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 120. சின்னத் தோட்டா போடும், நீளமான பேரல் உள்ள .22 ரைஃபிள் 140-ஐ ஒட்டி நிற்கும். பன்னிரண்டு போர் 150-ஐத் தாண்டும். .315 மாதிரி பெரிய தோட்டா 160-ஐத் தொடும். டெசிபலில் பத்து கூடினால் சத்தத்தின் சக்தி பத்து மடங்கு. அதாவது 160 என்பது 140-ஐவிட நூறு மடங்கு. பேரல் முனையில் மசில் பிரேக் மாட்டினால் உதை குறையும், ஆனால் சத்தம் பக்கவாட்டில் திரும்பி இன்னும் கூடும். தகரக் கூரை போட்ட சாளைக்குள்ளிருந்தோ ஜீப்புக்குள்ளிருந்தோ சுட்டால், சுவரில் மோதித் திரும்பி வரும் சத்தமும் சேர்ந்துகொள்ளும்.

பஞ்சு வைத்துக்கொண்டால் போதும் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். போதாது. பஞ்சில் காற்றும் போகும், சத்தமும் போகும். இளசுகள் பாட்டு கேட்கும் ப்ளூடூத் இயர்போனைப் போட்டுக்கொண்டு, "இதுல சத்தம் குறைக்கற வசதி இருக்குங்ணா" என்கிறார்கள். அது பஸ் இன்ஜின், மின்விசிறி மாதிரி நிதானமாக ஓடும் சத்தத்துக்கு. துப்பாக்கி வெடிப்பதற்கு அதை நம்பவே கூடாது.

எத்தனை டெசிபல் குறையும் என்று பெட்டிமேல் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குகிறோம். அமெரிக்கப் பெட்டியில் என்.ஆர்.ஆர்., ஐரோப்பியப் பெட்டியில் எஸ்.என்.ஆர். இரண்டும் வேறு வேறு அளவு. ஒரே பிளக்குக்கு இரண்டும் போட்டிருந்தால் எஸ்.என்.ஆர். பெரும்பாலும் பெரிதாகத் தெரியும். 3எம் 1100 என்ற ஆரஞ்சு நிற ஃபோம் பிளக்குக்கு என்.ஆர்.ஆர். 29, எஸ்.என்.ஆர். 37. இவை சோதனை அறையில், தொடர்ச்சியான சத்தத்தில், கவனமாகப் பொருத்தி எடுத்த எண்கள். தோப்பில் கிடைப்பது அதைவிடக் குறைவு. தொழிலாளர் பாதுகாப்புக்கான அமெரிக்க ஆய்வு நிறுவனம் சொன்ன ஒரு வழி உண்டு: மஃப் என்றால் என்.ஆர்.ஆரில் கால்பங்கைக் கழியுங்கள், ஃபோம் பிளக் என்றால் பாதியைக் கழியுங்கள்.

இதை .315-க்குப் போட்டுப் பாருங்கள். 22 என்.ஆர்.ஆர். உள்ள மஃபில் நமக்குக் கிடைப்பது பதினாறுதான். 160-இலிருந்து பதினாறு போனால் 144. இன்னும் எல்லைக்கு மேலே. பிளக் மட்டும் என்றாலும் அதே கதை. பிளக்கைப் போட்டு அதன்மேல் மஃபும் போட்டால், இரண்டு எண்களையும் அப்படியே கூட்ட முடியாது, பெரியதோடு ஒரு ஐந்துதான் சேரும். அந்த ஐந்து 140-க்குக் கீழே கொண்டுவந்துவிடுகிறது. இது தோராயக் கணக்கு. ஆனாலும் ரைஃபிள் எடுப்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: உள்ளே பிளக், வெளியே மஃப், இரண்டும்.

இங்கேதான் பன்னிக் காவல்காரர்களின் உண்மையான கஷ்டம் வருகிறது. ரேஞ்சில் சுடுபவருக்குச் சத்தம் அடங்கினால் போதும். நமக்கு இருட்டில் காதுதான் கண். காய்ந்த மட்டைமேல் பன்னி கால் வைக்கும் சரசரப்பு கேட்க வேண்டும். எந்தப் பக்கம் நாய் குலைக்கிறது என்று தெரிய வேண்டும். கூட வந்தவர், "சுடாதே, ஆள் இருக்கு" என்று கத்தினால் அந்தக் கணமே காதில் விழ வேண்டும். சாதாரண மஃப் போட்டால் இதெல்லாம் போய்விடும். அதனால் ஆட்கள் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். பன்னி வெளியே வரும்போது மஃபை மேலே தூக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. பேனலில் மஃப் வாங்கியவர்களிடமும் நான் பார்ப்பது இதைத்தான்.

எலக்ட்ரானிக் மஃப் இதற்காகவே இருக்கிறது. வெளியே மைக், உள்ளே சின்ன ஸ்பீக்கர். மெதுவான சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும், பெரிய சத்தம் வந்த கணமே உள்ளே அனுப்புவதை நிறுத்திவிடும். பேட்டரி தீர்ந்தாலும் அது சாதாரண மஃபாக வேலை செய்யும். நான் வைத்திருப்பது ஹோவர்ட் லைட் இம்பாக்ட் ஸ்போர்ட். என்.ஆர்.ஆர். 22, இரண்டு டிரிபிள் ஏ பேட்டரி, நான்கு மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும். ராத்திரிக் காவலில் அந்த அணைதலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று தோப்பு அமைதியானால் பன்னி போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். அடியில் ஃபோம் பிளக்கை வைத்து, மஃபின் சத்தத்தைக் கூட்டிவிட்டால் பிளக்கைத் தாண்டியும் பேச்சு கேட்கிறது. காதும் பிழைக்கிறது, காவலும் நடக்கிறது. விலை சில ஆயிரங்கள்தான். ஒரு ராத்திரியில் பன்னி உழுதுவிட்டுப் போகும் கடலைக்கு முன்னால் அது பெரிய காசு இல்லை.

என் தங்கச்சி மகள் போட்டிக்கு .22 சுடுகிறாள். திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் 2015 தேசிய விளையாட்டுக்காகக் கட்டிய ரேஞ்சுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போவதுண்டு. "மாமா, உங்க மஃப் குடுங்க" என்பாள். போட்டியில் அது செல்லாது. சர்வதேசத் துப்பாக்கி சுடும் சங்கத்தின் விதிப்படி, ஒலி வாங்கும் கருவி உள்ள எதையும் போட்டியாளர் காதில் போடக் கூடாது. சாதாரண பிளக், சாதாரண மஃப்தான். அவளுக்கு மஃபின் கிண்ணம் பட்டில் இடித்துக் கன்னம் சரியாகப் பதியவில்லை. அதனால் பிளக்கை நன்றாகப் போடப் பழக்கினேன், மேலே மெல்லிய கிண்ணமுள்ள மஃப். கம்மலைக் கழற்றிவிடச் சொன்னேன், கூந்தலை மஃபின் அடியில் போகாமல் பின்னால் கட்டச் சொன்னேன். கண்ணாடி போடுகிறவர்கள் மெல்லிய காம்புள்ள கண்ணாடியாகப் பாருங்கள். தடித்த காம்பு மெத்தையைத் தூக்கிவிடும், அந்த இடுக்கு வழியே சத்தம் நுழைந்துவிடும்.

பிளக் போடுவதை யாராவது ஒருமுறை காட்டிக் கொடுக்க வேண்டும். கையைக் கழுவிவிட்டு, சுருக்கம் விழாமல் மெல்லிய திரியாக உருட்டுங்கள். மற்ற கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னுமாக இழுங்கள். காதுக் குழாய் நேராகும். திரியை உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். நம்மில் பலர் உருட்டாமல் வாயிலில் சொருகி வைக்கிறோம், அது காதை அடைப்பதே இல்லை. சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்க்க, இரண்டு உள்ளங்கைகளாலும் காதை இறுக மூடித் திறங்கள். சத்தம் பெரிதாக மாறவில்லை என்றால் சரி. காதில் சீழ் வடிபவர்கள், ஜவ்வில் ஓட்டை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் பிளக் போட வேண்டாம். ஃபோம் பிளக் ஜோடி பத்து இருபது ரூபாய். அழுக்கானால் தூக்கிப் போடுங்கள்.

வாங்கும் இடம் என்றால், வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போனால் மில்களுக்குப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகள் இருக்கின்றன. நல்ல பிளக் அங்கேயே கிடைக்கும். எதை எடுத்தாலும் ஐ.எஸ். 9167 அல்லது ஈ.என். 352 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். ஆன்லைனில் எந்தத் தர எண்ணும் இல்லாமல் 'துப்பாக்கிக்கு ஏற்றது' என்று மட்டும் போட்டு விற்பதைத் தொடாதீர்கள். நம்மூர் மார்ச், ஏப்ரல் வியர்வைக்கு மஃபின் மெத்தை சீக்கிரம் விறைத்து வெடித்துவிடும். மெத்தை தனியாகக் கிடைக்கிற மாடலாக வாங்கினால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கூட வருபவர்களை நினைத்தால் எனக்கு ரொம்பக் கவலை. டார்ச் பிடிக்கும் பையனும் நாய்க்காரரும் துப்பாக்கிக்குப் பக்கத்தில், சில நேரம் முனையை ஒட்டி நிற்கிறார்கள். சுடுபவரைவிட அவர்கள் காதில்தான் அதிகமாக விழும். அவர்களிடம் ஒரு பிளக் கூட இருப்பதில்லை. நாய்க்கும் காது இருக்கிறது, அதற்கு நாம் எதுவும் மாட்ட முடியாது, தள்ளிக் கட்டத்தான் முடியும். நான் போகும்போது ஒரு டப்பா நிறைய பிளக் எடுத்துப் போய் எல்லோருக்கும் கொடுத்து, போட்ட பிறகுதான் தோட்டாவை ஏற்றுகிறேன். அடுத்த பேனல் கூட்டத்தில் பிரசிடெண்டிடம், உதவிக்கு வரும் ஆட்களுக்குப் பஞ்சாயத்துச் செலவிலேயே மஃப் வாங்கிக் கொடுக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். பேனலில் இருப்பவர்கள் அன்றைக்கு வந்து கூடச் சேர்ந்து கேளுங்கள்.