ஏரித் தண்ணில அமீபா தேடுன கதை

2024 ஆகஸ்ட்ல எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு, வீராணம் ஏரி பிளாங்டன்ல, அதாவது தண்ணில மிதக்குற பொடி உயிருங்கள்ல, அமீபான்னு நானே வாயக் குடுத்து தலைப்பு வாங்கிட்டேன், மொத ரெண்டு மாசம் ஒண்ணக்கூட கண்ணால பாக்கல. கூடப் படிச்சவங்க எல்லாம் ரோட்டிஃபர், கோப்பிபாட்னு குட்டிக் குட்டிப் பிராணிகள எண்ணி எக்செல்ல ஏத்திட்டு இருக்காங்க, நான் மட்டும் மைக்ராஸ்கோப்ப முறைச்சுட்டு உக்காந்திருந்தேன்.

தப்பு என்னன்னா நானும் அவங்கள மாதிரியே 60 மைக்ரான் ஓட்டை வலைய இழுத்து, கிடைச்சது கெடாம இருக்க லூகால் அயோடின் ஊத்தி வச்சேன். இந்த அமீபால முக்காவாசி 10லேருந்து 40 மைக்ரான்தான், வலைல நிக்காது. தப்பித் தவறி மாட்டுனதும் அயோடின் பட்டதும் உருண்டையா சுருண்டுக்கும், அப்புறம் அது அமீபாவா அழுக்கான்னு யாராலயும் சொல்ல முடியாது. "உயிரோட வளத்துப் பாருப்பா"ன்னு கைடு மேடம் சொன்னாங்க, கூடவே "லேபுக்கு கான்டாக்ட் லென்ஸ் போட்டுட்டு வராத"ன்னு ஒரு திட்டு, அகாந்தமீபான்னு ஒரு வகை அமீபா கண்ணுல பூந்தா கருவிழியையே அரிச்சிடும்.

அமீபா வளக்க, சத்தே இல்லாத அகார் ஜெல்லிய பிளேட்ல ஊத்தி, மேல சூட்டுல கொன்ன ஈ.கோலை பாக்டீரியாவ தடவணும், அதான் அதுக்கு சாப்பாடு. அது மேல ஏரித் தண்ணி சொட்டு விட்டு 30 டிகிரில வைக்கணும். மொதல்ல வெறும் தண்ணி சொட்டுதான் விட்டேன், பாதிக்கு மேல பிளேட் காலி, மீதில பூஞ்சை. அப்புறம் பாட்டில்ல பஞ்சு மாதிரி மிதந்த துணுக்குகள, செத்த பாசியும் சளியும் ஒட்டுன சின்னச் சின்ன தூசி, அத பிப்பெட்ல உறிஞ்சி ஒவ்வொண்ணா வச்சேன். மூணாம் நாள் பாத்தா துணுக்க சுத்தி பாக்டீரியா படலத்துல மாடு மேஞ்ச வயல் மாதிரி தெளிவா ஒரு தடம், அதோட ஓரத்துல வரிசையா அகாந்தமீபா, உடம்பு பூரா முள்ளு முள்ளா. உள்ள ஒரு குமிழி மெதுவா ஊதி டப்புனு சுருங்குது, திரும்ப ஊதுது. அன்னிக்கு மத்தியானம் மெஸ்ஸுக்கே போகல.

அதுக்கப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது, நிறைய அமீபாவுக்கு நீந்தவே வராது, ஊர்ந்து போக ஏதாவது தரை வேணும், நடுத்தண்ணில அந்த மிதக்குற துணுக்குதான் அதுக்கு டவுன் பஸ். ஏறி உக்காந்து அங்க இருக்குற பாக்டீரியாவ தின்னு, நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தண்ணிக்கே திருப்பி விடுது, அத பாசி எடுத்துக்குது. 1983ல ஃபரூக் ஆசாமும் மத்தவங்களும் மைக்ரோபியல் லூப்னு, நுண்ணுயிருங்க வழியா சத்து தண்ணில சுத்தி வர்றத பத்தி எழுதுனாங்களே, அதுல இதுக்கும் ஒரு சின்ன பங்கு.

ஒரு பிளேட்ல நத்தை மாதிரி வழுக்கிட்டு போற ஒண்ணு வந்துச்சு. அத டிஸ்டில்டு வாட்டர்ல விட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தா, ரெண்டு வால் முளைச்சு விர்ருனு நீந்துது! நேக்ளீரியாங்குற அமீபா. அந்த வருஷம் கேரளால அமீபாவால மூளைக் காய்ச்சல்னு அடுத்தடுத்து கேஸ் வந்த நேரம், ஃபோன்ல உளறிட்டேன், அம்மா "மூளையத் தின்றதா, மொதல்ல கிளம்பி வீட்டுக்கு வா"ன்னு ஒரே அழுகை. 42 டிகிரில வச்சுப் பாத்தேன், வளரல, அதனால ஆபத்தான ஃபௌலெரி இல்லன்னு எடுத்துச் சொல்லியும் தினம் ரெண்டு வாட்டி ஃபோன்.

தீபாவளி லீவுக்கு ஊருக்கு ஓடுற அவசரத்துல பிளேட் காயாம இருக்க சுத்துற பாராஃபில்ம் டேப்ப சுத்த மறந்துட்டேன். திரும்பி வந்தா அகார் எல்லாம் அப்பளம். மேடத்துக்கிட்ட சொல்லவே பயம், சும்மா ஒரு துண்ட மைக்ராஸ்கோப்ல வச்சா, நட்சத்திர வடிவத்துல ரெட்டைச் சுவர் வச்ச சிஸ்ட், அதாவது காய்ஞ்சா அமீபா தன்ன சுத்தி கட்டிக்குற கூடு, நூத்துக்கணக்குல. அத புது பிளேட்ல கவுத்து வச்சேன். ரெண்டாம் நாள் காலைல வெறும் கூடுங்க கிடக்குது, பக்கத்துலயே முள்ளு முள்ளா மேஞ்சிட்டு இருக்குதுங்க.