ரோபோ போட்டிக்குப் போற தம்பி தங்கச்சிமாருக்கு: சைன் வைக்க முதல் மார்க் ஷீட்ட வாசிங்க

ரெண்டு வருஷம் லைன் ஃபாலோவர் போட்டிக்கு (ரோபோ கறுப்புக் கோட்டப் பாத்து தானா ஓடுற போட்டி) போய் ரெண்டு வருஷமும் கப் இல்லாம திரும்பின ஆள் எழுதுறன், அதால எப்பிடி வெல்லுற எண்டு என்னட்ட கேக்காதீங்க. பிழை நடந்தா எப்பிடிக் கேள்வி கேக்குற எண்டுதான் கொஞ்சம் தெரியும்.

முதல் வருஷம் களுவாஞ்சிகுடியில இருந்து விடிய பஸ்ஸில ரோபோவ மடியில வச்சுக்கொண்டு மட்டக்களப்பு டவுனுக்குப் போனம். காலம ப்ராக்டிஸ்ல அந்த மாதிரி ஓடிச்சு. நம்மட ரவுண்ட் வரக்குள்ள பின்னேரம் 3 மணி தாண்டிட்டு, மேற்குப் பக்க யன்னலால வெயில் நேரா ட்ராக்குக்கு மேல விழுது, ட்ராக் வேற மினுங்குற ஃப்ளெக்ஸ் பேனர்ல அடிச்சது. முதல் வளைவுலயே ரோபோ கோட்ட விட்டுட்டு நேரா போய் மேசைக் காலில முட்டிச்சு. கோட்டப் பாக்கிற ஐஆர் சென்சர், தான் விடுற கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு (ஐஆர்) வெளிச்சம் திரும்பி வருதா எண்டு பாத்துத்தான் வெள்ளையா கறுப்பா எண்டு முடிவு செய்யும், வெயிலுக்குள்ளயும் அதே ஐஆர் இருக்கிறதால அதுக்கு எல்லாமே வெள்ளையாத்தான் தெரியும்.

எங்கட சேர் நேரா ஜட்ஜோட சண்டைக்குப் போய்ட்டார். அவங்க சர்குலர நீட்டி "நடுவர் தீர்ப்பே இறுதியானது, வாசிக்கல்லயா?" எண்டாங்க, அதோட கதை முடிஞ்சுது.

அதவிட மோசமானது ரெண்டாம் ரவுண்ட். வெயில மேகம் மறைச்சிட்டு, ரோபோ 4 செக்பொயின்ட் தாண்டிச்சு, ஒண்டுக்கு 10 மார்க். ஷீட்ல 30 எண்டு எழுதிக் கிடந்திருக்கு. எங்கட பெடியன் ஒரு கையில பெட்டரிய வச்சுக்கொண்டு மற்றக் கையால வாசிக்காம சைன் வச்சிட்டான். ரிசல்ட் ஒட்டின பிறகு கேட்டம், "நீங்கதானே சைன் வச்சீங்க" எண்டாங்க. அந்த 10 இருந்திருந்தா மூண்டாம் இடம். வேர்ல்ட் ரோபோட் ஒலிம்பியாட் எண்டுற சர்வதேசப் போட்டியிலயும் ரன் முடிஞ்ச கையோட டீம் ஸ்கோர பாத்து சரியெண்டாத்தான் சைன் வைக்கணும், அதால சைன் எண்டுறது சும்மா வரவு போடுற மாதிரி இல்ல. ஏ எல்லுக்கு ரீ கரெக்‌ஷன் போட நாள்கணக்கில யோசிக்கலாம், இங்க உங்களுக்கு இருக்கிறது அந்த மேசையடியில நிக்கிற ரெண்டு நிமிஷம்தான்.

ரெண்டாம் வருஷம் போட்டிக்கு ஒரு கிழமை முதலே ஈமெயில் போட்டம். கோடு எத்தன சென்டிமீட்டர், பேனரா டேப்பா, டைம் பிடிக்கிறது ஒராளா ரெண்டு பேரா, ஒழுங்கமைப்பாளர் பக்கப் பிழையால ரன் கெட்டா ரீ ரன் இருக்கா, முறைப்பாடு யாரிட்ட, எத்தன நிமிஷத்துக்குள்ள. எல்லாத்துக்கும் பதில் வரல்ல, வந்தத ப்ரின்ட் எடுத்து ஃபைல்ல வச்சம். போட்டி அண்டு வாயால சொல்ற ரூல் ஆளுக்காள் மாறும், பேப்பர்ல இருக்கிறது மாறாது.

முக்கியமா கொண்டு போனது ஒரு வெள்ளை பிரிஸ்டல் போர்ட் துண்டு, நடுவுல கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினது. ரோபோ ட்ராக்ல சொதப்பினா உடன ட்ராக்க குறை சொல்லாதீங்க. முதல்ல பெட்டரிய பாருங்க, ரெண்டு 18650 (சார்ஜ் பண்ற லித்தியம் பெட்டரி) ஃபுல் சார்ஜ்ல 8.4 வோல்ட், பின்னேரம் ஆகக்குள்ள இறங்கிடும், அதுக்குள்ள மோட்டர ஓட்டுற எல்298என் ட்ரைவர் போர்ட் வேற கிட்டத்தட்ட 2 வோல்ட்ட முழுங்கும். உண்மையச் சொன்னா முதல் வருஷப் பிழையில பாதி நம்மடதான். பெட்டரி சரியெண்டா அந்தத் துண்ட நிழல்ல வச்சு ரீடிங் எடுங்க, பிறகு அதே துண்ட வெயில் விழுற இடத்துல வச்சு எடுங்க. எங்கட சென்சர்ல நம்பர் கூடினா கறுப்பு, குறைஞ்சா வெள்ளை; நிழல்ல கறுப்பு 780, வெள்ளை 60. வெயில்ல கறுப்பே 150க்கு இறங்கிட்டு. துண்டு ஒண்டு, ரோபோ ஒண்டு, வெயில் மட்டும்தான் வித்தியாசம், இதுக்கு மேல ஆரும் "உங்கட கோட் பிழை" எண்டு சொல்ல ஏலா.

இந்த முறையும் அதே வெயில் பிரச்சினைதான், ஆனா சேர கெஞ்சி வெளியில இருக்கச் சொல்லிட்டு எங்கட டீம் தங்கச்சிதான் போய்க் கதைச்சா. ஃபர்ஸ்ட் டெக் சலேஞ்ச் எண்டுற சர்வதேச ஸ்கூல் ரோபோ போட்டியிலயும் இப்பிடித்தான், டீமால ஒரு மாணவர் மட்டும்தான் கேள்வி கேக்க வரலாம், போட்டோ வீடியோ காட்டினாலும் ரெஃபரி பாக்க மாட்டார். நம்மட ஊர்ப் போட்டியில வீடியோ எடுபடுமா எண்டு முதலே கேட்டு வைங்க. ஜட்ஜ் முதல்ல "அதெல்லாம் இப்ப பாக்க ஏலா மனே" எண்டுதான் சொன்னார். அவ சத்தம் போடாம ரீடிங் எழுதின பேப்பர மேசையில வச்சிட்டு, "சேர், எங்களுக்கு மார்க் வேணாம், யன்னல மூடிப்போட்டு வெயில்ல ஓடின எல்லா டீமுக்கும் திருப்பி ஓட விடுங்க" எண்டா. உங்களுக்கு மட்டும் கேட்டா மற்ற டீம் எல்லாம் எதிர்ப்பாங்க, எல்லாருக்கும் கேட்டா பின்னால வந்து நிப்பாங்க, எங்களுக்குப் பின்னால மூணு டீம் வந்து நிண்டிச்சு.

இன்னொண்டு, ஃபேஸ்புக்ல போட்டு நாறடிக்கிறத கடைசிக்கு வைங்க. அங்க ஓடித்திரியிற அண்ணாமார் அக்காமாரும் சம்பளமில்லாம வந்த கெம்பஸ் பிள்ளைகள்தான், மத்தியானச் சாப்பாடு கூட ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டாங்க.

கடைசியா ஒரு அண்ணா ஹொஸ்டல்ல இருந்து பூப்போட்ட பெட்சீட் ஒண்டு கொண்டுவந்து யன்னல் கம்பியில கட்டினார், ரீ ரன் நடந்துச்சு. ஷீட்ட ரெண்டு தரம் கூட்டிப் பாத்துத்தான் சைன் வச்சம். நாலாம் இடம். இடப்பக்க சென்சர் வயர் கழண்டு கிடந்திருக்கு, அதுக்கு ஆரிட்டப் போய் முறைப்பாடு குடுக்கிற.