பெருவிரல் வலியில் தொடங்கி இதயப் பரிசோதனை வரை: யூரிக் அமிலத்தோடு என் 20 மாதங்கள்

2023 ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் பின்னிரவு இரண்டரை மணியளவில், வலது கால் பெருவிரலின் அடிமூட்டில் எழுந்த வலியால் விழித்துக்கொண்டேன். விளக்கைப் போட்டுப் பார்த்தபோது மூட்டு சிவந்து வீங்கியிருந்தது. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. போர்வையின் நுனி பட்டாலே உயிர் போனது. என் மனைவி ஒரு துண்டில் ஐஸ் கட்டிகளைச் சுற்றி அருகில் வைத்தபடி, "மாமாவுக்கும் இப்படித்தான் விரல் வீங்கும்னு அத்தை சொல்லியிருக்காங்களே" என்று சொன்னார். என் தந்தை 57 வயதில் மாரடைப்பால் இறந்தவர். அவருடைய கால் வீக்கத்துக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று எங்கள் வீட்டில் எவரும் அதுவரை நினைத்ததில்லை.

மறுநாள் காலை அருகிலிருந்த ஒரு மருத்துவமனைக்குச் சென்றேன். இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 6.4 என்று வந்தது. ஆண்களுக்கு ஏறத்தாழ 7 வரை இயல்பு என்று அறிக்கையிலேயே அச்சிட்டிருந்ததால், இது சுளுக்காக இருக்கலாம் என்று கூறி வலி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. எனக்கு வந்தது யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் உண்டாகும் கவுட் என்ற நோய் என்பதையும், வலி கடுமையாக இருக்கும் நாட்களில் இரத்தத்தில் யூரிக் அமிலத்தின் அளவு தற்காலிகமாக இறங்கி இயல்பாகத் தெரியக்கூடும் என்பதையும், அதனால் வலி தணிந்து இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகு மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதையும் பல மாதங்கள் கழித்துத்தான் அறிந்துகொண்டேன். அன்றைக்கே இதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் ஐந்து மாத வேதனை மிச்சமாகியிருக்கும்.

ஜூன் மாதத்தில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டபோது யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 9.2 மில்லிகிராம் என்று இருந்தது. வேறொரு மருத்துவமனையில் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால் 300 மில்லிகிராம் மாத்திரையை முதல் நாளிலிருந்தே எழுதிக் கொடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் கணுக்கால் வீங்கி, முதல் முறையைவிடக் கடுமையான வலி வந்தது. மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே முடிவுசெய்து நிறுத்திவிட்டேன். அதன் பிறகு வலி வரும்போதெல்லாம் மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கி விழுங்குவது வழக்கமாகிவிட்டது.

உணவில்தான் எல்லாம் இருக்கிறது என்று அடுத்ததாக நம்பினேன். நான் விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்குப் பார்ப்பவன். நாள் முழுவதும் துவரையும் உளுந்தும் சூழ இருப்பவன். பருப்பு, கீரை, காளான் எல்லாவற்றையும் விலக்கச் சொல்லிப் பலரும் அறிவுரை கூறினார்கள், விலக்கினேன். அதற்கு ஈடாக, உடலுக்கு நல்லது என்று சர்க்கரை போட்ட சாத்துக்குடி ஜூஸை நாளுக்கு மூன்று டம்ளர் குடித்தேன். எடையையும் குறைத்துவிட வேண்டும் என்ற வேகத்தில் மதியம் ஒரு வேளை மட்டும் உண்டு, இரவில் தண்ணீரோடு படுத்தேன். மூன்று வாரங்களில் 6 கிலோ குறைந்தது. நான்காவது வாரம் முழங்கால் வீங்கி, படுக்கையிலிருந்து எழ முடியாமல் கிடந்தேன்.

செப்டம்பரில் மதுரையில் ஒரு மூட்டுவாத நோய் நிபுணரிடம் சென்றேன். அவர் காலைப் பார்ப்பதற்கு முன் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். மேசை இழுப்பறையிலிருந்து தையற்காரர் வைத்திருப்பதைப் போன்ற ஓர் அளவு நாடாவை எடுத்து, "பேன்ட் சைஸ் என்ன சார்?" என்று கேட்டார். 38 என்றேன். நம்மில் பலர் பேன்ட்டை வயிற்றுக்குக் கீழே அணிவதால் அந்த எண் தொப்பையை அளப்பதில்லை என்று விளக்கி, சட்டையை உயர்த்தச் சொல்லி, மூச்சை வெளியே விடச் செய்து வயிற்றைச் சுற்றி அளந்தார். 108 சென்டிமீட்டர். இந்திய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பதே வரம்பு என்றார். என் எடை அப்போது 91 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர். உடல் நிறை குறியீட்டெண் 32. பட்டினி கிடந்து குறைத்த 6 கிலோவும் ஒரே மாதத்தில் திரும்பியிருந்தது. இந்தியர்களுக்கு 25-ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்று கொள்கிறார்கள். இரத்த அழுத்தம் 150/96, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1, டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 260, நல்ல கொழுப்பு 34. இத்தனையும் ஜூன் மாத அறிக்கையிலேயே இருந்தவை. தடித்த எழுத்தில் அச்சாகியிருந்த யூரிக் அமிலத்தை மட்டும் நான் பார்த்தேன். அன்றைய மருத்துவரும் அதை மட்டுமே பார்த்தார்.

அவர் பொறுமையாக விளக்கியதை என்னால் இயன்றவரை எழுதுகிறேன். உடலில் செல்கள் சிதையும்போதும், உணவிலுள்ள பியூரின்கள் என்ற பொருள்கள் செரிக்கப்படும்போதும் கடைசியாக மிஞ்சுவது யூரிக் அமிலம். பெரும்பாலான பாலூட்டிகளுக்கு அதை மேலும் உடைக்கும் நொதி உண்டு; மனிதருக்கு இல்லை. ஆகவே சுமார் மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும் எஞ்சியதைக் குடலும் வெளியேற்ற வேண்டும். இரத்தத்தில் 6.8-ஐத் தாண்டினால் அது முழுமையாகக் கரைந்திருக்க முடியாமல், குளிர்ச்சியான கால் விரல் மூட்டு போன்ற இடங்களில் ஊசி போன்ற படிகங்களாகப் படியத் தொடங்கும். வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேரும்போது உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காது. அதை ஈடுகட்ட இன்சுலின் மிகுதியாகச் சுரக்கும். அந்த மிகுதியான இன்சுலின், வெளியேற்ற வேண்டிய யூரிக் அமிலத்தைச் சிறுநீரகம் மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளச் செய்யும். எனக்கு 9.2 வந்ததற்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரலைவிட என் தொப்பைதான் பெரிய காரணம் என்பது எனக்குப் புதிய செய்தி.

இன்னொரு காரணம் என் சட்டைப் பையிலேயே இருந்தது. மூன்று ஆண்டுகளாக நான் உட்கொண்டுவந்த இரத்த அழுத்த மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதையசைடு என்ற நீர்ப்போக்கி மருந்து கலந்திருந்தது. அது யூரிக் அமிலத்தை உயர்த்தக்கூடியது. அதை நிறுத்திவிட்டு, அழுத்தத்தையும் குறைத்து யூரிக் அமிலத்தையும் ஓரளவு வெளியேற்றும் லோசார்டானை எழுதினார். டைக்ளோஃபெனாக்கை அறவே விடச் சொன்னார். அது இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைப் பாதிக்கும், இதய நோய் அபாயத்தையும் கூட்டும். வலிக்கு நான் வாங்கி விழுங்கிய மாத்திரை என் தந்தையைக் கொண்டுபோன நோயின் பக்கம் என்னைத் தள்ளிக்கொண்டிருந்தது என்பதை உணர்ந்தபோது, வீடு திரும்பும் பேருந்தில் எவரிடமும் பேசத் தோன்றவில்லை.

அல்லோபியூரினால் எனக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தல்ல என்பதையும் அவர்தான் தெளிவுபடுத்தினார். இரத்தத்தில் அளவு திடீரென்று இறங்கினால் மூட்டில் ஏற்கெனவே படிந்திருக்கும் படிகங்கள் கலைந்து உதிரும். அந்த நேரத்தில் வலி வருவது எதிர்பார்க்கக் கூடியதே. அதனால் 100 மில்லிகிராமில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை 100 உயர்த்தி, கூடவே அந்த வலியைத் தடுக்க ஆறு மாதங்களுக்குக் கோல்ச்சிசின் என்ற மருந்தை 0.5 மில்லிகிராம் தினமும் கொடுத்தார். உடம்பில் தடிப்போ காய்ச்சலோ வாய்ப்புண்ணோ தோன்றினால் அன்றைய மாத்திரையைக்கூட விழுங்காமல் உடனே வர வேண்டும் என்று இரண்டு முறை எச்சரித்தார்; சிலருக்கு இந்த மருந்தால் ஏற்படும் ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தானது. மருந்துக் கடைக்காரர் ஒருவர் பரிந்துரைத்த, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் இன்னொரு மருந்தான ஃபெபுக்சோஸ்டாட் பற்றிக் கேட்டேன். இதய நோயுள்ள கவுட் நோயாளிகளிடம் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், அல்லோபியூரினால் எடுத்தவர்களைவிட அதை எடுத்தவர்களிடம் இதய மரணங்கள் கூடுதலாக இருந்தன என்றும், 2020-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் அப்படித் தெரியவில்லை என்றும், என் குடும்ப வரலாற்றைக் கருதித் தாம் அல்லோபியூரினாலையே விரும்புவதாகவும் கூறினார்.

நான் மிகவும் ஆவலோடு கேட்ட கேள்வி ஒன்று உண்டு. யூரிக் அமிலம் இறங்கிவிட்டால் மாரடைப்பு வராமல் தப்பிவிடலாமா என்பதே அது. அவர் பூசி மெழுகவில்லை. யூரிக் அமிலம் உயர்ந்தவர்களுக்கு உயர் இரத்த அழுத்தமும் இதய நோயும் அதிகம் காணப்படுவது பல ஆண்டுகளாகத் தெரிந்த உண்மை. ஆனால் யூரிக் அமிலமே இதயத்தைக் கெடுக்கிறதா, அல்லது உடல் பருமன் இரண்டையும் ஒருசேர உண்டாக்குகிறதா என்பதுதான் கேள்வி. டென்மார்க்கில் மரபணுக்களின் அடிப்படையில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வு, எடை கூடுவது யூரிக் அமிலத்தை உயர்த்துகிறது என்று காட்டியது. யூரிக் அமிலம் இதய நோயை உண்டாக்குகிறது என்று அது காட்டவில்லை. பிரிட்டனில் இதய நோயுள்ள, 60 வயதைத் தாண்டிய, கவுட் இல்லாத 5,700-க்கும் மேற்பட்டோரிடம் அல்லோபியூரினாலைச் சோதித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், மாரடைப்போ பக்கவாதமோ இதய மரணமோ குறையவில்லை. "சார், மாத்திரை உங்க மூட்டைக் காப்பாத்தும். இதயத்தைக் காப்பாத்த நாடாவையும் பிரஷர் மிஷினையும்தான் பார்க்கணும்" என்றார். அந்த வாரமே ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் பரிசோதனை மூன்றும் செய்துகொண்டேன். இதயத்தின் இடப்பக்கச் சுவர் சற்றுத் தடித்திருந்ததைத் தவிர வேறு குறை இல்லை. அந்தத் தடிப்புக்குக் காரணம் கட்டுப்படாத இரத்த அழுத்தம். கெட்ட கொழுப்பு 148 இருந்ததாலும் தந்தையின் வரலாற்றாலும் கொழுப்புக்கும் ஒரு மாத்திரை சேர்ந்தது.

உணவைப் பற்றி அவர் சொன்னது நான் கேள்விப்பட்டிருந்ததற்கு நேர்மாறாக இருந்தது. பருப்பிலும் கீரையிலும் பியூரின் இருந்தாலும் அவற்றால் கவுட் கூடுவதாக நீண்ட கால ஆய்வுகளில் தெரியவில்லை. இறைச்சி, குறிப்பாக ஈரல், குடல் போன்ற உள்ளுறுப்புகள், மத்தி, நெத்திலி, இறால், பீர் ஆகியவற்றால் கூடுகிறது. கொழுப்பு குறைந்த பாலும் மோரும் குறைக்கின்றன. சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை. அதைக் கல்லீரல் கையாளும்போதே யூரிக் அமிலம் உற்பத்தியாகிறது. மண்டியில் நாளுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்று கணக்கிட்டபோது பத்துக் கரண்டி வந்தது. சாத்துக்குடி ஜூஸ் இதற்கு மேல். பட்டினி கிடந்ததும் தவறே. கொழுப்பு வேகமாகக் கரையும்போது உண்டாகும் கீட்டோன்கள் யூரிக் அமிலம் வெளியேறுவதைத் தடுக்கும். மாதத்துக்கு ஒரு கிலோ குறைந்தால் போதும் என்றார்.

அப்படியே செய்தேன். பருப்பு திரும்பவும் தட்டுக்கு வந்தது. சர்க்கரையில்லாத தேநீருக்குப் பழக ஏழு வாரங்கள் பிடித்தன. எங்கள் ஊரின் எண்ணெய் பரோட்டாவையும் சால்னாவையும் விடுவதுதான் உண்மையிலேயே கடினமாக இருந்தது. மாலை வேலை முடிந்து நடந்து வரும் வழியில் பரோட்டாக் கல்லின் ஓசை கேட்கும் தெருவைத் தவிர்த்து, சுற்று வழியில் வீட்டுக்கு நடக்கத் தொடங்கினேன். அதனால் நாள்தோறும் 40 நிமிட நடையும் கிடைத்தது. ஜனவரியில் இலேசாக ஒருமுறை விரல் வலித்தது. கோல்ச்சிசின் இருந்ததால் இரண்டு நாளில் அடங்கியது. மாத்திரையை நிறுத்தவில்லை.

2024 நவம்பரில் எடை 80 கிலோ, யூரிக் அமிலம் 5.4, இரத்த அழுத்தம் 128/80, சர்க்கரைச் சராசரி 5.6, டிரைகிளிசரைடு 152. இடுப்புச் சுற்றளவு 96. இன்னும் ஆறு சென்டிமீட்டர் இறங்க வேண்டும். அல்லோபியூரினால் 300 தொடர்கிறது. எடை குறைந்ததால் மட்டுமே இந்த 5.4 வந்திருக்காது, மாத்திரையும் வேண்டியிருந்தது என்பதை மருத்துவர் தெளிவாகக் கூறினார். படிகங்கள் முற்றிலும் கரைய அளவு நெடுங்காலம் 6-க்குக் கீழே நிற்க வேண்டும்.

டிசம்பரில் என் தம்பியை வற்புறுத்தி மதுரைக்கு அழைத்துச் சென்றேன். அவனுக்கு 39 வயது, எந்த வலியும் வந்ததில்லை. யூரிக் அமிலம் 7.8. மாத்திரை எழுதுவார் என்று எதிர்பார்த்தேன்; கவுட் வராதவருக்கு, சிறுநீரகக் கல்லும் இல்லாதவருக்கு, எண்ணை மட்டும் வைத்து மருந்து தரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, இழுப்பறையைத் திறந்து அதே நாடாவை எடுத்தார். 101 சென்டிமீட்டர். இரத்த அழுத்தத்தை ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்தார். இரண்டாம் முறையும் 146/94. ஒரு வாரம் வீட்டில் காலையும் மாலையும் அளந்து எழுதி வருமாறு சொன்னார். கருவியை வாங்கிக்கொண்டுதான் பேருந்து ஏறினோம். தம்பி இப்போது ஒவ்வொரு காலையும் அந்த இரண்டு எண்களை எனக்கு அனுப்புகிறான். அப்பாவின் புகைப்படத்துக்குக் கீழே தொங்கும் நாட்காட்டியில் நான் அவற்றைக் குறித்து வருகிறேன்.