வடக்கு ஜன்னலும் ஓலெட் மானிட்டரும்

ஓலெட் (OLED) மானிட்டர் வாங்கப்போகிறேன் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் கேள்வி "எத்தனை ஹெர்ட்ஸ்?", அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றும் என்பதாகத்தான் இருக்கும். 240, 360, 480 என்று எண்கள் பறக்கும். பகலில் வங்கி வேலை, இரவில் கவுன்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டு என்று ஒரே மேஜையில் காலம் தள்ளும் என்னைப் போன்றவனுக்கு அது கடைசிக் கேள்வி. ஜோஹன்னஸ்பர்க்கில் இருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது, உங்கள் மேஜைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று.

இங்கே வீட்டு விளம்பரங்களில் 'வடக்குப் பார்த்தது' என்று பெருமையாகப் போடுவார்கள். வாஸ்துவுக்காக அல்ல. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் சூரியன் வடக்குப் பக்கமாகவே போகும். ஜூன், ஜூலை குளிரில் அது தாழ்ந்து வரும்போது வெயில் அறைக்குள் பாதி தூரம் நுழைந்துவிடும். காலையில் காபியோடு உட்கார அதைவிடச் சுகமான இடம் கிடையாது. ஓலெட்டுக்கு அதைவிட மோசமான இடமும் கிடையாது. ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டிய மிட்ராண்டில் எங்கள் காம்ப்ளெக்ஸில் நான் வேலை செய்யும் அறைக்கு அப்படி ஒரு வடக்கு ஜன்னல்தான் இருக்கிறது.

பெட்டியின் மேல் எந்தக் கம்பெனி பெயர் இருந்தாலும் உள்ளே இருக்கும் பேனல் பெரும்பாலும் இரண்டே இடத்திலிருந்து வருகிறது. சாம்சங் டிஸ்ப்ளே செய்வது க்யூடி-ஓலெட். எல்ஜி டிஸ்ப்ளே செய்வது டபிள்யூ-ஓலெட். இரண்டிலும் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது, பின்னால் விளக்கு கிடையாது. கறுப்பு வேண்டுமென்றால் பிக்சல் அணைந்துவிடும், அவ்வளவுதான். வித்தியாசம் நிறம் வரும் விதத்தில். சாம்சங் பேனலில் நீல ஒளியை குவாண்டம் டாட் என்னும் நுண்துகள்கள் பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றுகின்றன. எல்ஜி பேனலில் வெள்ளை ஒளி நிற வடிகட்டிகள் வழியாக வருகிறது, கூடவே சிவப்பு, பச்சை, நீல உபபிக்சல்களோடு (ஒரு பிக்சலுக்குள் இருக்கும் நிறப் புள்ளிகள்) தனியாக ஒரு வெள்ளை உபபிக்சலும் உண்டு. நிறத்தின் செழுமை என்று பார்த்தால் க்யூடி-ஓலெட்டுக்கு ஒரு படி மேல் என்பது என் கண்ணின் தீர்ப்பு.

ஆனால் அதில் வெளியிலிருந்து விழும் ஒளி திரும்பாமல் தடுக்கும் போலரைசர் படலம் இல்லை. வெளிச்சம் மேலே விழுந்தால் கறுப்பு கறுப்பாக நிற்காது. கடையில் டியூப் லைட்டுக்குக் கீழே இரண்டு வகையையும் அணைத்த நிலையிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று கறுப்பாகவே இருக்கும். இன்னொன்றில் கத்தரிப்பூ சாயல் கலந்த சாம்பல் தெரியும். 'இன்ஃபினிட் கான்ட்ராஸ்ட்' என்று பெட்டியில் அச்சடித்திருப்பதெல்லாம் ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்ட இருட்டு அறைக்குத்தான்.

அப்படியென்றால் வடக்கு ஜன்னல்காரன் டபிள்யூ-ஓலெட் வாங்குவதுதானே நியாயம்? நானும் ரொம்ப நாள் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தேன். தடுத்தது எழுத்து.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். விண்டோஸின் கிளியர்டைப், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் வரிசையாக நிற்கும் எல்சிடி பேனலை மனதில் வைத்து எழுத்தின் ஓரத்தை வழவழப்பாக்குகிறது. பெரும்பாலான ஓலெட்களில் அந்த வரிசை கிடையாது. நான் பார்த்த க்யூடி-ஓலெட்களில் மூன்றும் முக்கோணமாக நிற்கின்றன, பச்சை மேலே, மற்ற இரண்டும் கீழே. டபிள்யூ-ஓலெட்டில் நடுவே வெள்ளை புகுந்துகொள்கிறது. விளைவு, எழுத்தோரத்தில் நிறம் ஒழுகும். நண்பர் ஒருவரின் 34 அங்குல அல்ட்ராவைடில் தமிழ்ச் செய்தித்தளம் ஒன்றைத் திறந்து மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். 'ட' எழுத்தின் அடிக்கோடு தரையோடு தரையாகப் படுத்திருக்கும் அல்லவா, அதன் மேல் விளிம்பில் இளஞ்சிவப்பும் கீழ் விளிம்பில் பச்சையும் மெல்லிசாக ஓடியது. 'ப'வின் அடியிலும் அதே கதை. 'ழ', 'ஞ' போன்ற சுழி எழுத்துகளில் நிறம் பிரிந்து தெரியவில்லை. பதிலுக்கு எழுத்தே கொஞ்சம் கலங்கினாற்போல் இருந்தது. விளையாட்டில் யாரும் இதைக் கவனிக்கப்போவதில்லை. எட்டு மணி நேரம் லாக் ஃபைல் (கம்ப்யூட்டர் தன் வேலையை வரி வரியாக எழுதிவைக்கும் குறிப்பு) படிக்கிறவன் மாலைக்குள் கண்ணைக் கசக்குவான்.

இதற்கு மருந்து பிக்சல் அடர்த்தி. 34 அங்குல அல்ட்ராவைடும் 27 அங்குல 1440பி-யும் ஓர் அங்குலத்துக்கு 110 பிக்சல் சுமாருக்குத்தான் வருகின்றன. 32 அங்குல 4கே 140. 2025 தொடக்கத்தில் அறிமுகமான 27 அங்குல 4கே க்யூடி-ஓலெட் 166. அந்த அடர்த்தியில் நிற ஒழுகல் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் கை நீட்டும் தூரத்தில் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. அந்த அளவில் எனக்கு இங்கே கையில் கிடைத்தது க்யூடி-ஓலெட் மட்டும்தான். ஆக, எழுத்தா ஜன்னலா என்று வந்தது. எழுத்தைத் தேர்ந்தெடுத்து, மேஜையைச் சுவரோரமாகத் திருப்பி, ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி போட்டுவிட்டேன். ஜன்னலுக்குக் கனமான திரை ஒன்று ஃபோர்ட்ஸ்பர்க் கடைத்தெருவில் வாங்கினேன். மேஜையைத் திருப்பலாம், உபபிக்சலைத் திருப்ப முடியாது.

ஹெர்ட்ஸ்காரர்களுக்கும் ஒரு கணக்கு. 240 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் 4.2 மில்லிசெகண்ட் நிற்கிறது, 360-இல் 2.8. வித்தியாசம் ஒன்றரைக்கும் கீழே. எல்சிடியில் பிக்சல் நிறம் மாறவே சில மில்லிசெகண்ட் ஆவதால் உருவங்களுக்கு வால் முளைக்கும். ஓலெட்டில் 0.03 என்று போடுகிறார்கள், வால் என்ற பேச்சே இல்லை. ஐபிஎஸ் என்னும் எல்சிடி வகையிலிருந்து வருகிறவருக்கு 240 ஹெர்ட்ஸ் ஓலெட்டே பெரிய தாவல். என்னிடம் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4070. 4கே-யில் அது மூச்சு வாங்கும். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ரெசல்யூஷனைக் குறைத்துக்கொள்கிறேன், கதை விளையாட்டுகளுக்கு, சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ். ஜோஹன்னஸ்பர்க்கிலேயே சர்வர் இருப்பதால் பிங்கை (சர்வருக்குப் போய்வரும் தாமதம்) குறை சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. தோற்றால் தோற்றதுதான்.

அடுத்து எல்லோரும் பயப்படும் பர்ன்-இன், அதாவது ஒரே இடத்தில் மாறாமல் நிற்கும் படத்தின் தழும்பு திரையில் தங்கிவிடுவது. பயம் நியாயமானது, அளவு மட்டும் கொஞ்சம் அதிகம். மானிட்டர்ஸ் அன்பாக்ஸ்ட் என்ற யூடியூப் சேனல்காரர்கள் ஒரு 32 அங்குல க்யூடி-ஓலெட்டை வேண்டுமென்றே அலுவலக வேலைக்கு மட்டும் போட்டு வதைத்துக்கொண்டிருக்கிறார்கள். திரையில் இரண்டு புரோகிராம் ஜன்னல்களை எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் நடுவே மங்கலாக ஒரு கோடு விழுந்திருக்கிறது. சாம்பல் நிறப் பரிசோதனைத் திரையில் உற்றுப் பார்த்தால் தெரியும். நான் டாஸ்க்பாரை மறைத்து, வால்பேப்பரைக் கறுப்பாக்கி, ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் திரை அணையும்படி வைத்திருக்கிறேன். மாறாமல் நிற்கும் சமாச்சாரங்களான அவுட்லுக், டீம்ஸ், 25ஆம் தேதி சம்பள இரவுகளில் ஓடும் பேட்ச் லாக் எல்லாம் பழைய ஐபிஎஸ் திரைக்குப் போய்விட்டன. வேலைக்கும் விளையாட்டுக்கும் ஓலெட் ஒன்றே போதும் என்று சொல்லும் விமர்சகர்கள் விமர்சனம் எழுதுவதைத் தவிர வேறு வேலை செய்வதில்லை என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் யாரும் எச்சரிக்கவில்லை: கிரிக்கெட். ஜனவரியானால் எஸ்ஏ20 என்னும் இந்த ஊர் டி20 லீக் வந்துவிடும், வாண்டரர்ஸ் மைதானத்தில் ஜோபர்க் சூப்பர் கிங்ஸ் மேட்ச் என்றால் பாதி மிட்ராண்ட் தமிழர்கள் மஞ்சள் சட்டையில் போய் நிற்போம். டிக்கெட் கிடைக்காத நாளில் மானிட்டரில். டி20 பரவாயில்லை, மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். டெஸ்ட் மேட்ச் ஐந்து நாள், நாள் முழுக்க ஸ்கோர் பட்டை அதே இடத்தில், சேனல் சின்னம் அதே மூலையில். அதை ஹாலில் இருக்கும் டிவிக்கு அனுப்பிவிட்டேன்.

இனி கரண்ட். 2023-இல் இங்கே இருந்தவர்களுக்கு லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2024 மார்ச் கடைசியிலிருந்து நின்று, மூச்சு விட்டோம். 2025 பிப்ரவரியில் ஒரு ராத்திரி திடீரென்று ஸ்டேஜ் 6 என்றார்கள் (எண் ஏற ஏற வெட்டும் கூடும்). இன்வெர்ட்டரை யாரும் விற்றுவிடவில்லை என்பது நல்லதாகப் போயிற்று. ஓலெட் விஷயத்தில் இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. சுமார் நான்கு மணி நேரப் பயன்பாட்டுக்கு ஒரு முறை பேனல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் ஒரு சுழற்சியை ஓட்ட வேண்டும். பிக்சல்களின் தேய்மானத்தை அளந்து ஈடுகட்டுகிறது. திரை அணைந்து ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் அது ஓடும், சில நிமிடங்கள் பிடிக்கும். அப்போது சுவரில் கரண்ட் இருக்க வேண்டும். அதனால் மானிட்டரை இன்வெர்ட்டர் லைனில் போட்டேன். போட்டபிறகு தெரிந்த உபரி லாபம், ஓலெட்டில் டார்க் மோட் உண்மையாகவே வாட் குறைக்கிறது. ஐபிஎஸ்ஸில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் அங்கே அது கண்ணுக்கு மட்டும்தான்.

மின்சாரக் கம்பெனியான எஸ்காம் விட்டாலும் அம்மா விடவில்லை. தென்காசியிலிருந்து பேரனைப் பார்க்க வந்திருந்தபோது, படுக்கப் போகும் முன் வீடு முழுக்கச் சுற்றி சுவர் சுவிட்சை எல்லாம் அணைப்பது அவருக்கு வழக்கம். "ஏலே, சின்ன லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரியுது, காசு என்ன மரத்துலயா காய்க்கி?" பிக்சல் தேய்மானத்தை அவருக்கு எப்படி விளக்குவது? "அது ராத்திரில சார்ஜ் ஏறும்மா" என்றேன். அதற்குப் பிறகு அந்த ஒரு சுவிட்சைத் தொடவில்லை, மற்றவர்களையும் தொடவிடவில்லை.

கோடைகால மாலை இடியை மறந்துவிடாதீர்கள். அக்டோபரிலிருந்து மார்ச் வரை எங்கள் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் பிற்பகல் மழை என்றால் மின்னலோடுதான். இரண்டு மாத வாடகைக்குச் சமமான பொருளுக்கு திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் ஒரு நல்ல சர்ஜ் ப்ரொடெக்டர் வாங்க யோசிக்கக் கூடாது. வீட்டில் யாரும் இருக்கப்போவதில்லை, மத்தியானம் இடி கேட்கும் என்று தோன்றினால் கிளம்பும்போதே பிளக்கையே உருவிவிடுவது இன்னும் நல்லது. சுழற்சி அன்று ஓடாவிட்டால் மறுநாள் ஓடட்டும்.

வாங்கும் இடம் பற்றி. "ஊருக்குப் போகும்போது சென்னையில் வாங்கிட்டு வாங்கண்ணே, மலிவு" என்று செஞ்சூரியன் தம்பி ஒருவர் சொன்னார். சூட்கேஸில் வரும் மானிட்டருக்கு இங்கே வாரண்டி பேச யாரும் இருக்க மாட்டார்கள், சுங்கத்தில் பதில் சொல்வது தனி. இங்கேயே ஆன்லைனில் வாங்கினால் 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டம், 44ஆம் பிரிவு, பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரும் உரிமையைத் தருகிறது. திருப்பி அனுப்பும் செலவு மட்டும் நம் தலையில். 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி 6 மாதத்துக்குள் குறை வந்தால் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணம் திரும்பவா என்று தேர்வது நாம், கடைக்காரர் அல்ல. ஆனால் பர்ன்-இன் ஆறு மாதத்தில் வருகிற சாமான் இல்லை. மூன்று ஆண்டு பர்ன்-இன் வாரண்டி என்று பல பிராண்டுகள் சொல்கின்றன, அது இந்த நாட்டு இறக்குமதியாளருக்கும் பொருந்துமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்ட ஒரு கடையில் "கம்பெனியைக் கேளுங்கள்" என்றார்கள். அங்கே வாங்கவில்லை. இன்னொரு கடை இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பியது, ஆர்டர் அவர்களுக்குப் போனது. விலையில் அவர்கள் கொஞ்சம் கூடத்தான்.

குறைகளும் உண்டு. முழு வெள்ளைத் திரையில் வெளிச்சம் 250 நிட் அளவோடு நின்றுவிடுகிறது, நண்பகலில் எக்செல் திறந்தால் பழைய ஐபிஎஸ் பளிச்சென்று கேலி செய்கிறது. விளையாட்டில் லோடிங் திரை வரும்போது விஆர்ஆர் (விளையாட்டின் வேகத்துக்கேற்ப ஹெர்ட்ஸை மாற்றும் வசதி) காரணமாக இருட்டுப் பகுதி மினுக்குகிறது. 24 ஃப்ரேமில் எடுத்த படத்தில் கேமரா பக்கவாட்டில் நகர்ந்தால் வெட்டி வெட்டிப் போவதும் தெரிகிறது. பிக்சல் சட்டென்று மாறுவதன் விலை அது, பழைய எல்சிடியின் மந்தம் இதையெல்லாம் மூடி மறைத்திருக்கிறது. இராக்காட்சிகளில் கறுப்புப் புடவையின் மடிப்பு மடிப்பாகத் தெரியும்போது இதை மன்னித்துவிடலாம்.

பெட்டி வந்த அன்று பவர் கேபிள் ஐரோப்பிய இரண்டு முள் பிளக்கோடு இருந்தது. தென்னாப்பிரிக்கச் சுவர் கேட்பது மூன்று தடித்த உருண்டை முள், ஊரில் ஏசிக்கும் கீசருக்கும் போடுவோமே, கிட்டத்தட்ட அதே பெரிய பிளக். அடாப்டர் மேல் அடாப்டர் போட்டுத் தொங்கவிட வேண்டாம். கெட்டில் லீட் என்று கேட்டால் எந்த ஹார்ட்வேர் கடையிலும் தருவார்கள். ஆனால் உங்கள் மாடலில் பவர் செங்கல் (செங்கல் போன்ற மின் அடாப்டர்) வெளியே இருக்கிறதா, உள்ளேயே இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், முனை வேறாக இருக்கலாம்.