பெய்ராவில் ஒரு குவளைத் தண்ணீர்

முனாவா குடியிருப்பில், கூரைத் தகரம் பாதி பறந்துபோன ஒரு வீட்டின் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டு அம்மா குடிக்கக் கொடுத்த தண்ணீரில் கொஞ்சத்தைச் சோதனைப் பெட்டியின் சிறு குழாயில் ஊற்றி, மாத்திரையைப் போட்டுக் குலுக்கினேன். தண்ணீரில் குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் எழும். எழவில்லை. மறுபடி செய்தேன், அப்போதும் நிறம் மாறவில்லை. அங்கிருந்து நூறடி தூரத்தில் நாங்கள் அமைத்திருந்த குழாயில், அரை மணி நேரத்துக்கு முன் நானே பார்த்த அளவு லிட்டருக்கு 0.6 மில்லிகிராம். குழாயில் இருந்தது குவளைக்கு வருவதற்குள் எங்கே போனது என்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாட்கள் ஆயின.

இடாய் புயல் 2019 மார்ச் 14 இரவு மொசாம்பிக்கின் பெய்ரா நகருக்கு அருகே கரையைக் கடந்தது. சுமார் ஐந்து லட்சம் பேர் வாழும் துறைமுக நகரம், கடல் மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் தாழ்ந்த நிலம். புயல் போன பின்பு புங்வே, பூசி ஆறுகள் பெருகி வந்து உள்நாட்டைக் கடலாக்கின. நகரத்தை வெளியுலகோடு இணைக்கும் சாலை அறுந்தது. மின்சாரம் நின்றதால் குழாய்த் தண்ணீரும் நின்றது. மொசாம்பிக்கில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். நான் போய் இறங்கியது ஒரு வாரம் கழித்து. நாகப்பட்டினத்தில் 2005 தொடக்கத்தில் சுனாமியால் உப்பேறிய கிணறுகளை இறைத்த குழுவோடு சேர்ந்து இந்த வேலைக்கு வந்தவன் நான். கிணறு, மோட்டார், தொட்டி எல்லாம் பழக்கம். காலராவை அதுவரை நேரில் பார்த்ததில்லை.

முதல் வேலை, வீடிழந்தவர்கள் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் கொடுப்பது. பேரிடர்க் காலத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர், 250 பேருக்கு ஒரு குழாய் என்பது உலகளவில் ஒப்புக்கொண்ட கணக்கு. கிடைத்ததோ செம்மண் கரைத்தது போன்ற கலங்கல் தண்ணீர். கலங்கலில் குளோரின் போட்டுப் பயனில்லை. மண்ணும் அழுக்கும் குளோரினைத் தின்றுவிடும், கிருமி மண்துகளுக்குள் ஒளிந்துகொள்ளும். ஆகவே முதலில் படிகாரம். எங்கள் பாட்டி பானையின் உட்புறத்தில் தேற்றான்கொட்டையை உரைத்துவிட்டு ஆற்றுத் தண்ணீரை ஊற்றி வைப்பார். காலையில் மேலே தெளிநீர், அடியில் வண்டல். நாங்கள் 10,000 லிட்டர் தொட்டியில் செய்ததும் அதே வேலைதான். நாளுக்கு நாள் கலங்கல் மாறும் என்பதால், ஒவ்வொரு காலையும் ஆறு பாட்டில்களில் ஆறு அளவு படிகாரம் கலந்து, எதில் மண் திரண்டு படிகிறது என்று பார்த்துவிட்டே தொட்டியில் கை வைக்க வேண்டும். இந்த வரிசையை அவசரத்தில் தாண்டியவர்கள் பிற்பகலில் தொட்டி முழுவதையும் திறந்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது குளோரின். வீரியம் கூடிய தூளில் 65 முதல் 70 சதவீதம் குளோரின் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 15 கிராம் கரைத்தால் ஒரு சதவீதக் கரைசல். அதில் இரண்டு லிட்டரை 10,000 லிட்டர் தொட்டியில் ஊற்றினால் லிட்டருக்கு 2 மில்லிகிராம். அழுக்கு தின்றது போக, அரை மணி நேரம் கழித்து 0.5 மிஞ்ச வேண்டும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் முதல் நாள் எவ்வளவு ஊற்றியும் 0.1க்கு மேல் ஏறவில்லை. தண்ணீரில் அழுக்கு அதிகமோ என்று மீண்டும் மீண்டும் ஊற்றிக்கொண்டிருந்தேன். மாலையில்தான் ஒன்று தோன்றியது. கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரில் அதே கரைசலை விட்டுப் பார்த்தேன். அதிலும் ஏறவில்லை. அப்படியானால் குற்றம் தண்ணீரில் இல்லை, தூளில். மூடி சரியாகப் பொருந்தாத டிரம் வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்து வீரியம் போயிருந்தது. ஒரு நாள் வீணானது. அன்று முதல் எந்த டிரம்மைத் திறந்தாலும் முதல் கரண்டி பாட்டில் தண்ணீருக்குத்தான். இந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம் இது.

கழிப்பறை வேலை இதைவிடக் கடினம். இரண்டடி தோண்டினால் தண்ணீர் ஊறும் மண்ணில் குழி வெட்டினால், மலமும் குடிநீரும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். மணல் மூட்டைகளை அடுக்கி மேடை கட்டி, அதன்மேல் கழிப்பறை வைத்தோம். முதலில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று என்பது இலக்கு. எண்ணிக்கையை எட்டியதில் எனக்கு நிறைவு. எங்களோடு மொழிபெயர்ப்பாளராக வேலை செய்த கல்லூரி மாணவிதான் மூன்றாம் நாள் காலையில் என்னிடம் வந்து, "எஞ்ஜென்யெய்ரு, பெண்கள் யாரும் அங்கே போவதில்லை" என்றார். எஞ்ஜென்யெய்ரு என்றால் போர்த்துகீசிய மொழியில் பொறியாளர். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. இரவில் வெளிச்சம் இல்லை. மேடை மேல் ஏறுவது எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஆறு கழிப்பறைகள் கட்டியும் பாதிப் பேர் சுவருக்குப் பின்னால் இருட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். தாழ்ப்பாளும் மறைப்புத் துணியும் விளக்கும் வைக்க ஒரு நாள் போதுமாயிருந்தது. முன்னதாகவே கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

மார்ச் 27 அன்று காலரா உறுதியானது. முதலில் ஐந்து பேர். பிறகு எண்ணிக்கை ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கில் ஏறியது.

காலரா சிகிச்சை மையம் ஒன்றின் தண்ணீர்ப் பொறுப்பு எங்களுக்கு வந்தது. அங்கே கட்டில்களின் நடுவில் ஒரு துளை இருக்கும், கீழே ஒரு வாளி. நோயாளி எழுந்து போக முடியாது. கஞ்சித் தண்ணீர் போல வெளுத்து, ஓயாமல் போகும். கடும் நோயாளி ஒரே நாளில் பத்து லிட்டருக்கு மேல் இழக்கக்கூடும். இழந்ததை அதே வேகத்தில் திருப்பிக் கொடுத்தால் பிழைப்பார், தாமதித்தால் சில மணி நேரத்தில் போய்விடுவார். கண் குழிந்து, விரல் நுனி சுருங்கி, குரல் எழாமல் தூக்கி வரப்பட்ட ஒரு பையன் நரம்பில் ஏற்றிய சலைனாலும், பிறகு குடித்த உப்புச் சர்க்கரைக் கரைசலாலும் மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டான். 1971ல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலநாபிஸ், சலைன் தீர்ந்துபோன நிலையில் இந்தக் கரைசலை டிரம்களில் கலக்கிக் கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். அந்தப் பையனைப் பார்த்தபோது அவரை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு 60 லிட்டர் தண்ணீர் வேண்டும். குடிக்க, கழுவ, துவைக்க, தரையைத் துடைக்க. மூன்று வீரியத்தில் குளோரின் கரைசல் வைத்திருந்தோம். கை கழுவ 0.05 சதவீதம், தரைக்கு 0.2, வாளிக் கழிவுக்கு 2. டிரம்கள் ஒன்று போலவே இருந்ததால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் பூசினோம். விளிம்பு வரை நிரம்பிய வாளிகளைச் சிந்தாமல் தூக்கிக் குழிக்குக் கொண்டுபோன உள்ளூர்த் துப்புரவுப் பணியாளர்களை நான் மறக்கவில்லை. மருத்துவமும் பொறியியலும் அவர்கள் தோளில்தான் நின்றன.

இனி அந்தக் குவளைக்கு வருகிறேன்.

முதலில் கேனைச் சந்தேகித்தேன். மஞ்சள் நிற 20 லிட்டர் கேன்கள், சமையல் எண்ணெய் வந்தவை. உள்ளே விரல் விட்டால் வழுவழுவென்று பாசி. குழாயடியில் கூழாங்கல்லும் குளோரின் தண்ணீரும் போட்டுக் குலுக்கிக் கழுவிக் கொடுக்கும் இடம் ஒன்றை அமைத்தோம். சில வீடுகளில் அளவு ஏறியது, இந்த வீட்டில் ஏறவில்லை. வெயிலில் வைத்ததால் ஆவியாகிறதோ என்று பார்த்தேன். கையைவிட்டு முகப்பதால் குறைகிறதோ என்று பார்த்தேன். நான்காம் நாள், மாணவி என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அந்த அம்மாவிடம் சேனா மொழியில் தனியாகப் பேசினார். அங்கே வயதில் பெரிய எந்தப் பெண்ணையும் 'மமா' என்றுதான் அழைப்பார்கள். அரை மணி நேரம் பேசிவிட்டு வந்து சொன்னார்: "மமா உங்கள் தண்ணீரைக் குடிப்பதில்லை. துணி துவைக்கிறார். குடிப்பது கிணற்றுத் தண்ணீர்."

எனக்குக் கொடுத்ததும் கிணற்றுத் தண்ணீர். விருந்தாளிக்கு நல்ல தண்ணீரைத்தான் கொடுத்திருக்கிறார்.

போர்த்துகீசிய மொழியில் குளோரின் 'க்ளோரு', காலரா 'கோலெரா'. வாய்வழி கேட்கும்போது இரண்டும் உரசிக்கொள்ளும் சொற்கள். நோய் வந்த தெருவுக்குக் க்ளோரு வண்டி வருகிறது. வண்டி வந்த தெருவில் நோய் இருக்கிறது. எது முந்தியது என்று தெருவில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? மொசாம்பிக்கின் வடக்கில், நம்புலா பகுதியில், கிணற்றில் மருந்து போடுகிறவர்களே காலராவைப் பரப்புகிறார்கள் என்ற சந்தேகத்தில் பல ஆண்டுகளாகத் தாக்குதல்கள் நடந்திருக்கின்றன. 2009ல் செஞ்சிலுவைத் தொண்டர்களே கொல்லப்பட்டார்கள். அறியாமை என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. மற்ற நாட்களில் எட்டிப் பார்க்காத அதிகாரம், சாவு வந்த பிறகு முகமூடியும் தெளிப்பானுமாய் வந்து நிற்கும்போது, அதை நம்ப ஓர் ஏழைக்கு என்ன காரணம் இருக்கிறது? 2024 ஏப்ரல் 7 அன்று அதே நம்புலா கடலோரத்தில், காலரா பற்றிய வதந்தியால் பயந்து ஓடிய மக்களை ஏற்றிச் சென்ற மீன்பிடிப் படகு கவிழ்ந்து 90 பேருக்கு மேல் இறந்தார்கள். குழந்தைகளும் நிறைய. செய்தியைப் படித்த அன்று என்னால் வேறு வேலை செய்ய முடியவில்லை.

முனாவாவில் எங்கள் சுவரொட்டிகளில் 'க்ளோரு' என்ற சொல் கொட்டை எழுத்தில் இருந்தது. அவற்றைக் கிழித்தோம். மொசாம்பிக் கடைகளில் பல ஆண்டுகளாக விற்கும் 'செர்த்தேசா' என்ற சிறு பாட்டில் தண்ணீர் மருந்தைப் பெண்களுக்குத் தெரியும். "செர்த்தேசாவில் இருப்பதுதான் இதிலும்" என்று சொன்னபோது முகங்கள் மாறின. பிறகு குழாயடியில் நாங்கள் வேலைக்கு வைத்த ஆட்களை மாற்றினோம். சீருடை போட்ட இளைஞர்களுக்குப் பதில், அந்தத் தெருவிலேயே வாழும் மூத்த பெண்கள். ஒவ்வொரு காலையும் தொட்டியைத் திறந்ததும் முதல் குவளையை அவர்கள் குடிப்பார்கள், எல்லோரும் பார்க்க.

கிணறுகளை மூடச் சொல்லவில்லை. அந்தச் சண்டையில் ஜெயிக்க முடியாது, நியாயமும் இல்லை; எங்கள் தொட்டி போய்விடும், கிணறு இருக்கும். கிணற்றங்கரையில் ஒரு மமா சிரிஞ்சோடு நிற்பார். இறைத்து ஊற்றிய 20 லிட்டர் கேனில் ஒரு சதவீதக் கரைசல் 5 மில்லி விடுவார். அளவு கிணற்றுக்குக் கிணறு மாறும், வாரத்துக்கு வாரமும் மாறும். அதைக் கண்டுபிடிக்க, நான்கு வாளிகளில் நான்கு அளவு விட்டு அரை மணி நேரம் காத்திருந்து பார்க்கும் முறையை அவர்களுக்கே கற்றுக்கொடுத்தோம். வாசனை அதிகமானால் மக்கள் கொட்டிவிடுவார்கள், குறைவானால் வீடு போவதற்குள் தீர்ந்துவிடும். அந்த நடு அளவை என்னைவிட அவர்கள் துல்லியமாகப் பிடித்தார்கள். தங்கள் தெருவின் நாக்கு அவர்களுக்குத் தெரியும்.

ஏப்ரல் 3 முதல் காலராத் தடுப்பு மருந்தை வாய்வழியாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் எட்டு லட்சம் பேருக்கு மேல் குடித்தார்கள். நோய் தணிந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மொத்தம் சுமார் 6,700 பேருக்கு நோய் கண்டது, இறந்தவர்கள் எட்டுப் பேர். எங்கள் குழாய்களால் எவ்வளவு, மருந்தால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அந்த எட்டு என்ற எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது வாளி தூக்கியவர்கள்தான்.

ஏப்ரல் 25 அன்று கென்னத் புயல் நாட்டின் வடகோடியில் கரையைக் கடந்தது. எங்கள் குழுவில் பாதிப் பேர் வடக்கிலுள்ள பெம்பா நகருக்குக் கிளம்பினார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் அந்த வீட்டுக்குப் போனேன். கூரைக்குப் புதுத் தகரம் வந்திருந்தது. மமா குவளையை நீட்டினார். நான் சோதனைக் குழாயை எடுப்பதற்குள் அவரே பெட்டியை வாங்கி, கோடு வரை தண்ணீரை ஊற்றி, மாத்திரையைக் கையால் தொடாமல் உறையிலிருந்தே உள்ளே தட்டிக் குலுக்கினார். மெல்லிய இளஞ்சிவப்பு. 0.3 இருக்கும். நான் தலையசைத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மாணவியிடம் ஏதோ கடுமையாகச் சொன்னார்.

"நேற்று இதைவிடச் சிவப்பாக இருந்ததாம். கிணற்றடியில் நிற்பவர் அளவைக் குறைத்துவிட்டாரா என்று கேட்கிறார்."

மூவரும் எழுந்து கிணற்றடிக்கு நடந்தோம்.