ஓரா மீன் குடும்பத்தைப் படிப்பது எப்படி? மீனியல் தாள் எழுதப் போகிறவர்களுக்கு

மீனியல் தாளில் பவளப்பாறை மீன்கள் அலகைத் திறந்தாலே பலருக்கு அலுப்புத் தட்டிவிடும். வரிசையாகக் குடும்பப் பெயர்கள், துடுப்பு எண்ணிக்கைகள், அட்டவணைகள். கடல் உயிரியல் முதுகலை படித்தபோது அந்த அலகிலிருந்து ஒரே ஒரு குடும்பத்தை எடுத்து அடிவரை படித்தேன். அது சிகானிடே. நம் கடற்கரையில் ஓரா, யாழ்ப்பாணத்தில் ஒட்டி என்றும் சொல்வார்கள். வகைப்பாடு, நஞ்சு, கூட்ட நடத்தை, இனப்பெருக்கம், அயல் இனப் பரவல் என்று எந்தத் தலைப்பில் கேள்வி வந்தாலும் இந்த ஒரு குடும்பத்திலிருந்தே எடுத்துக்காட்டு கொடுக்கலாம்.

முதலில் துடுப்புக் கணக்கு. முதுகுத் துடுப்பில் 13 முட்கள், 10 மென்கதிர்கள் (முள்போல் விறைப்பாக இல்லாமல் வளைந்துகொடுக்கும் கதிர்கள்). குதத் துடுப்பில் 7 முட்கள், 9 மென்கதிர்கள். இடுப்புத் துடுப்பில் வெளிப்பக்கம் ஒரு முள், நடுவில் 3 மென்கதிர்கள், உள்பக்கம் இன்னொரு முள். பெர்ச் வகை மீன்களுக்குப் பொதுவாக 1 முள், 5 மென்கதிர்கள்தான். இடுப்புத் துடுப்பின் இரு ஓரத்திலும் முள் இருப்பது இந்தக் குடும்பத்துக்கே உரிய அடையாளம். அதைப் பார்த்துவிட்டால் குடும்பத்தைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை.

செய்முறைத் தேர்வில் மீனைத் தட்டில் மல்லாக்கப் போட்டு, இடுப்புத் துடுப்பை இடுக்கியால் பிடித்து மெதுவாக வெளிப்பக்கம் விரியுங்கள். வெளி முள் உடனே தெரியும். உள் முள் ஒரு சவ்வால் வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும், விரிக்காமல் எண்ணினால் கண்ணில் படாது. அப்புறம் முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால் பாருங்கள். தலையை நோக்கிப் படுத்தபடி, தோலில் பாதி புதைந்த ஒரு சின்ன முள் இருக்கும். இடுக்கி நுனியைத் தலைப்பக்கமிருந்து பின்னோக்கி நகர்த்தினால் அது தட்டுப்படும். இதை 13-இல் சேர்க்கக் கூடாது. முதுகில் 13, குதத்தில் 7, இரண்டு இடுப்புத் துடுப்புகளிலும் சேர்த்து 4, ஆக மொத்தம் 24 நஞ்சு முட்கள். ஒவ்வொரு முள்ளின் இரு பக்கப் பள்ளங்களிலும் நஞ்சுத் திசு ஓடுகிறது. நஞ்சு புரதம் என்பதால் வெப்பத்தில் சிதையும். குத்துப்பட்ட கையைத் தோல் வெந்துவிடாத அளவு சூடான நீரில் வைக்கச் சொல்வது அதனால்தான். முதலுதவியைக் கேட்டால் இந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

குடும்பம் எளிது, சிற்றினம்தான் கடினம். ஏறத்தாழ 30 சிற்றினங்கள் இருக்கின்றன, எல்லாமே சிகானஸ் என்ற ஒரே பேரினம். நீண்ட மூக்குள்ள சிலவற்றை முன்பு 'லோ' என்று தனியாக வைத்திருந்தார்கள், இப்போது அவையும் சிகானஸுக்குள்தான். மேலே சொன்ன எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் ஒன்றே என்பதால், முள்ளை எண்ணிச் சிற்றினத்தைப் பிரிக்க முடியாது. உடலின் ஆழம், மூக்கின் நீளம், வாலின் வடிவம், நிறம் ஆகியவைதான் துணை. மீனைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினோ நிறத்தை அழித்துவிடும். ஜாடி மீனை மட்டும் பார்த்துப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

அதனால் பச்சை மீனைப் பாருங்கள். மன்னார் வளைகுடாப் பக்கம், குறிப்பாகக் கீழக்கரையில், பாறை மீன்களைக் கூடு வைத்துப் பிடிப்பது பழைய தொழில். விடிகாலையில் மீன் வந்து இறங்கும் இடத்துக்குப் போய் நின்றாலே போதும். சிகானஸ் கனாலிகுலேட்டஸ் பச்சை கலந்த பழுப்பு நிறம், உடம்பு முழுக்க முத்துப் போன்ற வெளிர் புள்ளிகள், செவுள் மூடியை அடுத்துப் பெரும்பாலும் ஒரு கருந்திட்டு. சிகானஸ் ஜாவஸுக்கு மேல்பாதியில் வெண்புள்ளிகள், கீழ்பாதிக்கு வர வர அவை நெளிகோடுகளாகிவிடும், வால் கருமையாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்தால் பிறகு மறக்காது. கனாலிகுலேட்டஸுக்குப் பெயரிட்டவர் மங்கோ பார்க். நைஜர் ஆற்றைத் தேடி ஆப்பிரிக்காவுக்குள் போன அதே பயணிதான். சுமத்ராவிலிருந்து கொண்டுவந்த மீன்களை விவரித்த அவருடைய கட்டுரை 1797-இல் வெளியானது.

இந்தக் குடும்பத்தை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள எனக்கு வழி திறந்தது ஒரு கேள்வி: இந்த மீன் கூட்டமாக வாழ்கிறதா, ஜோடியாக வாழ்கிறதா? கனாலிகுலேட்டஸ், ஜாவஸ், அர்ஜென்டியஸ் போன்றவை கூட்டமாகத் திரிபவை. கடற்புல் படுகை, பாறை ஓரம், கலங்கலான ஆழமற்ற நீர் என்று இடம் மாறி மேயும். மங்கிய நிறம், அதையும் சூழலுக்கேற்ப நொடியில் மாற்றிக்கொள்ளும். கோரலினஸ், பியூல்லஸ், டோலியேட்டஸ், வல்பினஸ் போன்றவை வளர்ந்தபின் ஜோடியாகப் பவளத்தை ஒட்டியே இருப்பவை. மஞ்சளும் நீலமுமாகப் பளிச்சென்ற நிறம், பலவற்றுக்குக் கூர்மையான மூக்கு. இவற்றிலும் பல, குஞ்சுப் பருவத்தில் கூட்டமாகத்தான் இருக்கும். வாழும் முறையைச் சொன்னால் நிறமும் மூக்கும் இடமும் தாமாக நினைவுக்கு வரும்.

மூக்குக்கும் காரணம் உண்டு. ஜோடி மீன்கள் பாறை இடுக்குகளுக்குள் தலையை நுழைத்துப் பாசியைத் தின்கின்றன. தலை உள்ளே இருக்கும்போது எதிரி வந்தால் தெரியாது. கிரேட் பேரியர் ரீஃப்பில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு, ஜோடியில் ஒன்று தலைகீழாக மேயும்போது மற்றது மேலே நின்று காவல் காப்பதையும், முறை மாற்றிக்கொள்வதையும் பதிவு செய்தது. மீன்களிடையே பரஸ்பர உதவிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கூட்ட மீன்களில் இந்தக் காவல் வேலை பல கண்களுக்குப் பகிர்ந்துபோகிறது. வெறுமனே சேர்ந்து நிற்பதும், ஒரே திசையில் ஒரே வேகத்தில் ஒத்திசைந்து நீந்துவதும் வேறு வேறு நடத்தை என்பதை வாய்மொழித் தேர்வில் அடிக்கடி கேட்பார்கள். ஓரா மேயும்போது முதல் வகை, இடம் மாறும்போது இரண்டாம் வகை.

இனப்பெருக்கத்துக்கு நிலாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிகானஸ் குட்டேட்டஸ் வளர்பிறை அரைநிலாவை ஒட்டி முட்டையிடும். அர்ஜென்டியஸ் தேய்பிறை அரைநிலாவை ஒட்டி. ஒரே பேரினத்தில் சிற்றினத்துக்குச் சிற்றினம் நாள் மாறுவது கவனிக்க வேண்டியது. பெரும்பாலானவற்றின் முட்டை அடியில் ஒட்டிக்கொள்ளும், லார்வா திறந்த கடலில் மிதந்து வளரும். பிறகு குஞ்சுகள் பெருங்கூட்டமாகக் கரைக்கு வரும். பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவில் ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் குஞ்சுகளுக்காகவே வீச்சுவலையோடு காத்திருப்பார்கள்.

உணவு பற்றிய கேள்வியில் எல்லோரும் 'தாவர உண்ணி' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஒரு வரி கூட்டுங்கள். கடல் மீன்கள் பெரும்பாலும் நீள்சங்கிலி ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களை உணவிலிருந்துதான் பெற வேண்டும். கனாலிகுலேட்டஸ் தாவர உணவிலுள்ள குறுகிய சங்கிலி அமிலங்களிலிருந்தே அவற்றைத் தயாரிக்கும். அதற்கான டெல்டா-4 நொதி முதுகெலும்பிகளில் முதன்முதலாக இந்த மீனில்தான் கண்டறியப்பட்டு 2010-இல் வெளியானது. மீன் எண்ணெய் குறைந்த தீவனத்தில் வளர்க்க ஏற்ற இனமாக இதைப் பார்ப்பதற்கு அது முக்கியக் காரணம்.

இந்தக் குடும்பம் எந்த வரிசையில் (order) சேரும் என்று கேட்டால் நிதானம் வேண்டும். பழைய நூல்கள் பெர்சிஃபார்மிஸ் வரிசையில், அகாந்துராய்டீ துணைவரிசையில், கத்திவால் மீன்களோடு வைத்திருக்கும். டி.என்.ஏ. அடிப்படையிலான புதிய வகைப்பாடுகள் அந்த உறவை அப்படியே ஏற்கவில்லை. சிலவற்றில் எந்த வரிசையிலும் சேர்க்காமலே விட்டிருக்கிறார்கள். உங்கள் பாடத்திட்டம் எந்த வகைப்பாட்டைப் பின்பற்றுகிறதோ அதை எழுதி, எதைப் பின்பற்றுகிறீர்கள் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். திருத்துகிறவர் உங்களைக் குழப்பவாதி என்று நினைக்க மாட்டார்.

கட்டுரை வினா வந்தால் மத்தியதரைக் கடலுக்கு இடம் ஒதுக்குங்கள். சூயஸ் கால்வாய் 1869-இல் திறந்தது. செங்கடலிலிருந்து அதன் வழியே போன சிகானஸ் ரிவுலேட்டஸ் 1927-இலும், லூரிடஸ் 1956-இலும் அங்கே பதிவாயின. பாசியை மேயும் மீன்கள் அங்கே குறைவு. துருக்கி, கிரீஸ் கரைகளில் அடர்ந்திருந்த கடற்பாசிப் பாறைகளை இவை இரண்டும் பல இடங்களில் மொட்டைப் பாறையாக்கிவிட்டன. பவளப்பாறையில் பாசியைக் கட்டுப்படுத்திப் பவளத்துக்கு இடம் தரும் அதே மேய்ச்சல்தான் அங்கே சேதமாகிறது. இரண்டையும் அடுத்தடுத்த பத்திகளில் எழுதுங்கள். நேரம் குறைவாக இருந்தால் சிற்றினப் பட்டியலை விட்டுவிடலாம், இந்த ஒப்பீட்டை விடாதீர்கள்.